காணாமல் போன மகனுக்கு நாவலில் முடிவு எழுத வேண்டுமா?

வேளிமலை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என் நாவலின் கையெழுத்துப் பிரதியை இங்கே ஐந்தாறு பேர் படித்துவிட்டீர்கள். தனிமடலில் வந்த கருத்துகள் எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பதால் அதைப் பொதுவில் வைக்கிறேன். படிக்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்த் தீவில் ஒரு மீனவர் குடும்பம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது. 1985-இல் திரேசம்மாளும் கணவர் சூசையும் பதினொரு வயது மகன் அருளோடு ராமேஸ்வரம் வந்து இறங்குகிறார்கள். மறு ஆண்டு மண்டபம் முகாமில் மகள் செல்வி பிறக்கிறாள். 1987-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும், இனிச் சண்டை இல்லை என்று நம்பி ஊர் திரும்புகிறார்கள். 1990 ஜூனில் மறுபடியும் யுத்தம். மடு மாதா கோயிலில் சில வாரம் அடைக்கலம், பிறகு மீண்டும் கடல். இந்த முறை படகு புறப்படும்போது அருள் இல்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டு போனார்களா, தானாகவே போனானா, வழியில் பீரங்கிச் செல்லடி பட்டதா, ஒன்றும் தெரியாது. படகுக்காரர் காத்திருக்க மாட்டேன் என்கிறார். கைக்குழந்தைகளோடு இருபது பேர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களும் ஏறிவிடுகிறார்கள்.

மண்டபத்திலிருந்து குமரி மாவட்ட முகாமுக்கு அனுப்பப்படுகிறார்கள். 1992-இல் சகாயம் பிறக்கிறான். பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போன சூசை சாரத்திலிருந்து விழுந்து இறக்கிறார். 2017 டிசம்பரில், ஒக்கிப் புயலுக்குப் பிறகு, மீனவர்கள் பலர் காணாமல் போன தூத்தூர்க் கரைக்குத் திரேசம்மாள் போகும் இடத்தில் கதை முடிகிறது. அருள் என்ன ஆனான் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பதிப்பாளரும் கேட்கிறார். ஒரு கடிதமோ, எலும்புக்கூடோ, கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்போ, ஏதாவது ஒன்றை வைத்து முடித்துவிடு என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. பெற்றவளுக்கே தெரியாததை வாசகருக்குச் சொல்ல நான் யார்? அவளை இருபத்தேழு ஆண்டு காக்க வைத்துவிட்டு, வாசகரை மட்டும் 380 பக்கத்தில் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைப்பது நியாயமாகப் படவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


கோட்டாறுவாசி எழுதியது:

முழுதும் படித்தவன் என்ற முறையில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இது வாசகரை ஏமாற்றும் வேலை. ஒரு பையனைத் தொலைத்துவிட்டு, கடைசிவரை அவனைத் தேட வைத்துவிட்டு, 'தெரியாது' என்று கையை விரித்தால் எப்படி? வாழ்க்கையில் விடை கிடைப்பதில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானே கதை படிக்கிறோம்! அதுவும் இல்லை என்றால் காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்?

இன்னொன்று. யுத்தம் மட்டும் 120 பக்கம் ஓடுகிறது. செல்லடி, கிபிர் விமானம், பங்கர், பிணம், மறுபடி செல்லடி. நாற்பதாவது பக்கத்தில் எனக்கு மரத்துப்போய்விட்டது. யுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது. குண்டுச் சத்தத்தைக் கூட்டக் கூட்ட வாசகர் கூடுதலாக அதிர்வார் என்று நினைக்கிறார்கள்.


ஓய்வு_வாத்தியார் எழுதியது:

மக்களே வேளிமலை, உன் பிரதியில் எனக்குப் பிடித்த பக்கம் எது தெரியுமா? மண்டபத்தில் பதிவு செய்கிற இடம். 'குடும்பத்தில் எத்தனை பேர்?' என்று எழுத்தர் கேட்கிறார். 'நாலு பேர்' என்கிறாள் திரேசம்மாள். எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். அவளும் புருஷனும் பெண்பிள்ளையும், ஆக மூன்று பேர்தான் நிற்கிறார்கள். 'நாலாவது ஆள் எங்கே?' 'பின்னால் வருகிறான்.' எழுத்தர் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு மூன்று என்று எழுதுகிறார். ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை. அந்த 120 பக்கம் செய்யாததை அது செய்துவிட்டது.

போரில் எல்லாம் இழந்து அடுத்தவன் வாசலில் போய் நிற்பது நமக்குப் புதிய கதை அல்ல. பாரி இறந்து பறம்பும் போனபின் அவன் மகளிர் இருவரையும் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். இவர்கள் இன்னாருடைய பிள்ளைகள், ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். கிடைப்பது என்னவோ மறுப்புதான். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்ட போரைவிட இந்த நடைதான் என்னை எப்போதும் உலுக்கும். போர் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. வாசல் வாசலாகப் போய்த் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வது முடிவதே இல்லை. உன் கதையின் பலம் அந்த இடத்தில் இருக்கிறது. நீ அதை விட்டுவிட்டுச் செல்லடிக்குப் போகிறாய்.

முடிவைப் பற்றிக் கேட்டால், எழுத வேண்டாம் என்பதுதான் என் கட்சி.


மன்னார்ப்பேத்தி எழுதியது:

அண்ணா, பிரதியை அனுப்பியதற்கு நன்றி. நான் இந்த மாவட்டத்து முகாம் ஒன்றில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். இப்போது நாகர்கோவிலில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். என் அம்மம்மாவின் மூத்த மகனும் 1990-இல் காணாமல் போனவர்தான். ஆகவே உங்கள் கதையைக் கொஞ்சம் கோபத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது கோபம் பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

திரேசம்மாள் அத்தியாயத்துக்கு ஒருமுறை அழுகிறாள். என் அம்மம்மா அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. அழ நேரம் எங்கே இருந்தது? விடியுமுன் பொதுக் குழாயில் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில் ஆறு பேர். நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் அது இரண்டு அறை. அப்போது கிலோ 57 பைசாவுக்குக் கொடுத்த அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்க வேண்டும். செக்கிங் என்று சொல்லிவிட்டால் காய்ச்சலில் கிடப்பவரும் எழுந்து வந்து வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அந்த மாதப் பணக்கொடையில் கை வைத்துவிடுவார்கள். வேலைக்கு வெளியூர் போன ஆண்கள் இதற்காகவே இரவு பஸ் பிடித்து ஓடி வருவார்கள். அந்த வரிசையில் அம்மம்மா நிற்கும்போது எங்கள் குடும்பத்தின் பேர்கள் எல்லாம் வாசித்து முடிந்த பிறகும் உடனே நகர மாட்டார். அடுத்த குடும்பத்தின் முதல் பேரை வாசித்த பிறகுதான் நகர்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. உங்கள் கதையில் செக்கிங் இரண்டு வரியில் வந்து போய்விடுகிறது.

அடுத்தது 1991 மே. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாமில் ஒவ்வொருவரும் ஒரே இரவில் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிட்டோம் என்று அம்மா சொல்வார். அதுவரை மரச்சீனிக் கிழங்கும் மீனும் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டார்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்களாம். மேல்படிப்புக்கு இடம் கிடைப்பது கடினமானது. 1992 ஜனவரியிலிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். நீங்கள் 1990-இலிருந்து நேராகச் சகாயம் பிறப்பதற்குத் தாவிவிட்டீர்கள். உங்கள் கதையிலேயே பெரிய இடம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. திருப்பி அனுப்பும் படிவம் திரேசம்மாள் கைக்கு வரும்போது அவள் வயிற்றில் பிள்ளை. கையெழுத்துப் போட்டால் அருளைத் தேடலாம். போடாவிட்டால் வயிற்றில் இருப்பதும் செல்வியும் பிழைக்கும். என் அம்மம்மா கையெழுத்துப் போடவில்லை. அதைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போன பிள்ளையைப் படகுக்காரர் அவசரத்தால் விட்டுவிட்டு வந்தாள் என்றால் அதில் அவள் குற்றம் இல்லை. 1992-இல் அவள் முன்னால் வைத்த காகிதத்துக்கு அவள்தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது?

செல்வி 1986-இல் மண்டபத்தில் பிறந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்துதான் எழுதினீர்களா என்று தெரியவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது சட்டம். சகாயம் பிறந்தது 1992-இல். அதற்குள் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அக்காள் இந்தியாக்காரி, தம்பி அகதி. அக்காளுக்கும் அது தெரியாமலே முப்பது வருடம் செக்கிங் வரிசையில் நிற்பாள். இதை ஏன் விட்டீர்கள்?

முடிவு பற்றி. அருளைக் கண்டுபிடித்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.


வேளிமலை எழுதியது:

தங்கையின் பதிவை மூன்று தடவை படித்தேன். 1992 படிவத்துக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதுகிறேன். செல்வியின் பிறந்த ஆண்டைத் தெரிந்தேதான் வைத்தேன். அதை யாராவது ஒருவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தேன். இனி கதைக்குள்ளேயே கொண்டுவருவதுதான் சரி.


துறைக்காரன் எழுதியது:

நான் தூத்தூர்ப் பக்கத்துக்காரன். கடைசி அத்தியாயம் எங்கள் ஊரில் நடப்பதால் எனக்கும் பேச உரிமை இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 29 இரவும் மறுநாளும் ஒக்கி வந்தது. எங்கள் ஆட்கள் கரையோரம் வலை போட்டுவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் அல்லர். சுறாவுக்காக லட்சத்தீவுக்கும் அப்பால் போகிறவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலில்தான் இருப்பார்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எப்போதோ புறப்பட்டுப் போய்விட்டிருந்தார்கள். அந்தத் தூரத்துக்குச் செய்தி சொல்ல வழி இல்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரை எட்டு ஊர்களிலும் அந்த மாதம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் கதையில் திரேசம்மாள் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தடவி ஆறுதல் சொல்கிறாள். அப்படி நடந்திருக்காது. அந்த நாட்களில் எங்கள் பெண்களுக்கு ஆறுதல் சொல்பவரைக் கண்டாலே எரிச்சல். ஆறுதல் என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம் அல்லவா? கையில் பேப்பரை வைத்துக்கொண்டு படகின் பேர், பதிவு எண், போன ஆட்களின் பேர் என்று எழுதிக்கொண்டு திரிந்தார்கள். மகாராஷ்டிரத்தில் தேவ்கட்டில் படகுகள் கரை சேர்ந்திருக்கின்றன என்று தகவல் வந்தது. சிலர் உண்மையிலேயே அங்கிருந்து போன் செய்தார்கள். செத்துவிட்டான் என்று நினைத்தவன் குரல் போனில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எப்படித் தன் புருஷனை விட்டுக்கொடுப்பாள்? வந்தவர்கள்தான் வராதவர்களின் வீடுகளை இன்னும் அதிக நாள் காக்க வைத்தார்கள்.

ஆனால் அதே அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது. திரேசம்மாள் அந்தப் பெண்ணிடம், 'போகும்போது என்ன நிறச் சட்டை?' என்று கேட்கிறாள். அந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். எங்களிடம் கேட்டது அதுதான். என்ன சட்டை, என்ன கைலி, கழுத்தில் ஜெபமாலை இருந்ததா, பச்சை குத்தியிருக்கிறதா? பிறகு அதுவும் போதவில்லை. கேரளக் கரையெல்லாம் ஒதுங்கிய உடல்களை முகம் பார்த்துச் சொல்ல முடியாமல் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். சட்டை நிறத்தைக் கேட்கத் தெரிந்தவள் தோளைத் தடவ மாட்டாள். ஆறுதலை வெட்டிவிடுங்கள். சட்டையை வையுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. ஏழு ஆண்டு ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது அப்போது இருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு அதைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தார்கள். வீட்டுக் கடனும் வள்ளக் கடனும் கழுத்தை நெரிக்கும்போது வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினார்கள். வாங்கிய அன்றைக்குத்தான் சில வீடுகளில் முதல்முறை சத்தமாக அழுகை கேட்டது.


கோட்டாறுவாசி எழுதியது:

துறைக்காரன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில்தான் நாவல் வழுக்குகிறது. யுத்தமும் புயலும் ஒன்றா? புயலில் போனால் இயற்கை. யுத்தத்தில் போனால் கொலை. இரண்டையும் ஒரே கரையில் கொண்டுவந்து நிறுத்தி, 'எல்லாத் தாய்மாரும் ஒன்றே' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வது சுலபமான வழி.


மன்னார்ப்பேத்தி எழுதியது:

இந்த ஒன்றில் கோட்டாறுவாசி அண்ணனோடு சேர்ந்துகொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. கடலுக்குப் பேச வாய் இல்லை. எங்கள் மாமா என்ன ஆனார் என்று தெரிந்த மனிதர் எங்கோ ஒருவர் இருக்கிறார், அல்லது இருந்தார். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு இருக்கலாம். அவர் வாயைத் திறந்தால் போதும், அம்மம்மாவின் காத்திருப்பு முடிந்திருக்கும். தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்தவர் சொல்லாமல் இருப்பது வேறு.


துறைக்காரன் எழுதியது:

தங்கை சொல்வது சரி. ஆனால் புயலை வெறும் இயற்கை என்று சொல்லிவிட்டுப் போக எங்கள் ஆட்களும் ஒப்ப மாட்டார்கள். தேட ஏன் தாமதம், எங்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள், இடத்தை நாங்கள் காட்டுகிறோம் என்று கேட்டுத்தான் அந்த டிசம்பரில் குழித்துறையில் ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். இரவானபிறகும் எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத சாவு எங்கும் இல்லை.

ஒன்று என்று நான் சொல்லவில்லை. திரேசம்மாள் ஏன் அங்கே வந்தாள் என்பது எனக்குப் புரிகிறது, அவ்வளவுதான். உடல் கிடைக்காத வீட்டில் எதை எப்போது செய்வது என்று யாருக்கும் தெரியாது. நினைவுத் திருப்பலிக்குப் பேர் கொடுக்கலாமா கூடாதா என்றே எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சண்டை. அந்தச் சண்டையை ஏற்கெனவே போட்டவள் அவள்.


வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பிரதியை வேளிமலை எனக்கும் அனுப்பியிருந்தார்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். 1990-இல் மன்னாருக்குக் கிபிர் வரச் செய்கிறீர்கள். கிபிர் விமானங்கள் இலங்கை விமானப்படைக்கு வந்தது 1996-இல். 1990-இல் எங்கள் தலைக்கு மேல் சுற்றியவை சியாமாசெட்டி விமானமும் ஹெலிகாப்டரும்தான். எங்கள் பக்கத்து வாசகர் அந்த ஒரு சொல்லில் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பிள்ளையின் முகத்தைக் காணாமலே அந்தத் தாய்மாரில் பலர் இறந்துவிட்டார்கள். அரசு அவர்கள் முன்னால் வைத்த காகிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள், பெரும்பாலானோர் வாங்க மறுத்தார்கள். 2016-இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர் என்று சான்றிதழ் தரலாம் என்றார்கள். காணாமல் போனோர் அலுவலகம் 2018-இல் வேலையைத் தொடங்கியது. அதன் கதவையும் பலர் தட்ட மறுத்தார்கள். 'நான் கையில் ஒப்படைத்த பிள்ளை எப்படிக் காணாமல் போகும்' என்பது அவர்கள் கேள்வி. 2009 மே மாதத்தில் கணவனையும் பிள்ளையையும் ராணுவத்திடம் நேரில் ஒப்படைத்தவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். உங்கள் திரேசம்மாளுக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியாத ஆரம்பகாலத்து இழப்பு அவளுடையது. 2017-இல் அவள் முகாமில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கிளிநொச்சிக் கொட்டகையைப் பார்த்திருப்பாள் அல்லவா? தூத்தூருக்குப் போகும் முன் அது வந்திருக்க வேண்டும்.

இனிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்தும்தான். எருக்கலம்பிட்டி மக்கள் படகேறிக் கல்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். உங்கள் கதையில் சூசையின் கூட்டாளி காதர் இருக்கிறார். வலையும் படகும் அவரோடு பங்கு. ஊரைவிட்டு வரும்போது வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதற்குப் பிறகு காதர் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார். தெரிந்துதான் செய்தீர்கள் என்றால் அது பேசாமல் விட்ட பெரிய விஷயம். மன்னாரைப் பற்றிய அகதிக் கதையில் காதரின் படகு இல்லாவிட்டால் கதை பாதிதான்.


மட்டுறுத்துநர் எழுதியது:

மேலே இருந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்று இயக்கங்களின் பேரால் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ள வேறு இழைகள் இருக்கின்றன. வல்லைவெளி சொன்னது நடந்த சம்பவம், அது இங்கேயே இருக்கும். நாவலைப் பற்றிப் பேசுங்கள்.


வேளிமலை எழுதியது:

வல்லைவெளிக்கு நன்றி. கதைப்படி என் குடும்பம் ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுகிறது. அக்டோபர் சம்பவம் அவர்கள் கண்ணுக்கு முன் நடக்காது. ஆனால் சாவி என்று நீங்கள் சொன்னதும் எனக்கு வேலை பிறந்துவிட்டது. காதரிடம் இருந்த சாவி புத்தளத்துக்குப் போய்விட்டது. அருள் எப்போதாவது திரும்பி வந்தால் வீட்டுக் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை. இது திரேசம்மாளுக்கு எப்படித் தெரியவரும் என்பதை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். அநேகமாக 1992 படிவ அத்தியாயத்தில், ஊரிலிருந்து வரும் ஒரு கடிதத்தில். போவதா இருப்பதா என்று அவள் தீர்மானிக்கும் வாரத்தில் அந்தக் கடிதம் வந்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

கிபிர் போய்ச் சியாமாசெட்டி வந்தாயிற்று. 120 பக்கத்தை 50-க்குக் கொண்டுவருகிறேன்.


புதுக்கடை_புதியவன் எழுதியது:

மன்னிக்கவும், ஒரு சின்னச் சந்தேகம். நான் இந்த மாவட்டத்திலேயே பிறந்தவன். இங்கே அகதிகள் முகாம் எங்கே இருக்கிறது? ராமேஸ்வரம் பக்கம்தான் என்று நினைத்திருந்தேன்.


மன்னார்ப்பேத்தி எழுதியது:

பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை. நான்கும் உங்கள் மாவட்டம்தான் தம்பி. 2021 ஆகஸ்டில் பேரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றார்கள். அதே மாதத்தில்தான் தமிழ்நாடு முழுவதும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் சொன்னார்கள். உங்கள் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர் எங்கள் ஆளாகவும் இருக்கலாம்.

புது வீடு என்றதும் நினைவுக்கு வருகிறது, வேளிமலை அண்ணாவுக்காகச் சொல்கிறேன். பழைய அறைகளை இடித்துப் புது வீடு கட்டித் தரப்போகிறார்கள் என்றதும் முகாமில் எல்லோருக்கும் கொண்டாட்டம். அம்மம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கூரை ஒழுகாது, தனிக் கழிப்பறை, என்னதான் குறை என்று அம்மா சத்தம் போட்டார். மூன்றாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. வீட்டு எண் மாறிவிடுமே என்பதுதான் கவலை. மாமா காணாமல் போன பிறகு ஊரில் எஞ்சியிருந்த சொந்தக்காரர், பங்குத்தந்தை, செஞ்சிலுவைச் சங்கம் என்று அத்தனை பேருக்கும் அவர் கொடுத்து வைத்திருந்தது அந்தப் பழைய எண்ணைத்தான். முப்பது வருடமாக ஒரே முகவரி. இரண்டு முறை வேறு முகாமுக்கு மாற்றம் கிடைக்க இருந்ததையும் அதனால்தான் தட்டிக்கழித்திருக்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கடைசியில் சித்தப்பா மீந்துபோன நீலப் பெயிண்டில் புதுக் கதவின் மேல் பழைய எண்ணையும் எழுதினார். புது எண்ணைவிடப் பெரிதாக. தபால்காரருக்கு இரண்டு மாதம் குழப்பம்.

உங்கள் திரேசம்மாள் அருளுக்காகச் செபம் செய்கிறாள், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போகிறாள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். எல்லாம் சரிதான். ஆனால் அவள் அருளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் அண்ணா. முகவரியை மாற்றாமல் வைத்துக்கொள்வது மாதிரி, கையால் செய்கிற ஏதாவது.


ஓய்வு_வாத்தியார் எழுதியது:

மகளே, நீயே உட்கார்ந்து ஒரு நாவல் எழுது. வேளிமலை பிழை திருத்திக் கொடுப்பான்.

கோட்டாற்றைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதிவைக்கிறேன். சவேரியார் நம் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு நடந்தது 1544-இன் கடைசி மாதங்களில். அதே காலத்தில் அவர் அனுப்பிய குருவிடம் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானவர்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் வெட்டிக் கொன்றான். மன்னார்க் கத்தோலிக்கர்கள் அதை மறப்பதில்லை. திரேசம்மாள் கோட்டாற்றுத் திருவிழாவில் வேற்றூர்க் கோயிலில் நிற்பவள் மாதிரி ஒதுங்கி நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படி நிற்க மாட்டாள். தன் பழைய கணக்கு ஒன்று சவேரியாரிடம் பாக்கி இருப்பதுபோல நேராகப் போய் முன்னால் நிற்பாள்.


துறைக்காரன் எழுதியது:

வாத்தியார் சொன்னது அருமை. வேளிமலை, நடைமுறை விஷயம் ஒன்று. திரேசம்மாள் நாகர்கோவிலில் பஸ் ஏறி நேராகத் தூத்தூரில் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் பாதி வழியில் மறியல். மார்த்தாண்டத்தில் இறங்கி, நித்திரவிளை வரை கிடைத்த வண்டியில் வந்து, மிச்சத்தை நடந்திருப்பாள். அந்த நடையை எழுதுங்கள். வாத்தியார் சொன்ன கபிலரின் நடை மாதிரி இருக்கட்டும்.


வேளிமலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தீர்மானித்துவிட்டேன். அருளுக்கு முடிவு எழுதப் போவதில்லை. பதிப்பாளரிடமும் சொல்லிவிட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். யுத்தம் பாதிக்கும் கீழே குறைகிறது. 1991, 1992 புதிதாக வருகிறது. காதரின் சாவி வருகிறது. தூத்தூரில் ஆறுதல் போகிறது, சட்டை இருக்கிறது. முகவரிக் கதையைக் கேட்டுக்கொள்ளாமல் எடுக்க மாட்டேன். தங்கை அனுமதி தந்தால் பார்க்கலாம்.


மன்னார்ப்பேத்தி எழுதியது:

எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. எண்ணை மட்டும் மாற்றிவிடுங்கள்.


கோட்டாறுவாசி எழுதியது:

சரி, பெரும்பான்மை வென்றது. அருள் எங்கேயோ இருக்கட்டும், நான் விட்டுவிடுகிறேன். ஆனால் சகாயம் அந்த மார்த்தாண்டத்துப் பெண்ணைக் கட்டினானா இல்லையா? அவள் அப்பா படி ஏறவிட மாட்டேன் என்று கத்தியதோடு அந்தக் கதையையும் அந்தரத்தில் விட்டிருக்கிறீர்களே. அதற்காவது ஒரு முடிவு எழுதக் கூடாதா?


வேளிமலை எழுதியது:

கல்யாணம் நடந்துவிட்டது. 312-ஆவது பக்கம். ஞாறான்விளை முகாமில் பந்தல் போட்டு, பெண்ணின் அப்பாவே வந்து பரிமாறியும் விட்டார். அந்த அத்தியாயம் முழுக்க அதுதான் நடக்கிறது. முழுதும் படித்தேன் என்றீர்களே?